நாளைக்குப் படப்போகும் கறை

கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்சீட்டுக்காரரின் காலரில் மைக்கறை இருந்தால், அதையே பார்த்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டுவிடுவேன். இருபத்திரண்டு வருடமாகச் சலவைக்கடை நடத்துகிறவளுக்கு வேறு எந்தப் புத்தி இருக்கும்? இந்தப் புத்தியால்தான் என் தம்பியின் சினிமாவுக்கு நானே உலை வைத்தேன்.

தம்பிக்கு மின்சாமான் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இயக்குநர். இதற்கு முன் இரண்டு படம் ஆரம்பித்து இரண்டும் பாதியில் படுத்துவிட்டன. மூன்றாவதை என் கடையில் எடுத்தான். கடைக்கு ஞாயிறு விடுமுறை, வாடகை கேட்காத அக்கா, இதைவிட என்ன வேண்டும்?

கதை இதுதான். ஒரு சின்ன ஊர்ச் சலவைக்கடையில் நான்காம் எண் இயந்திரத்தில் துணி போட்டால், அந்தத் துணியில் நாளைக்குப் படப்போகும் கறையோடு அது வெளியே வரும். ஒருநாள் ஒரு வெள்ளைச் சட்டை ரத்தக்கறையோடு வருகிறது. யார் சட்டை, யார் ரத்தம் என்று ஊரே தேடுகிறது. கடைசியில், எல்லோரும் தங்கமான மனுஷன் என்று நம்பிய விஞ்ஞானி தன் கோட்டைத் திறக்கிறார். உள்ளே அதே சட்டை, அதே கறை.

கதையைக் கேட்டதும், "நாளைக்குப் படப்போற கறைய இன்னைக்கே துவைச்சிட்டா?" என்று கேட்டேன். தம்பி முறைத்தான்.

விஞ்ஞானியாக நடித்தவர் எங்கள் தெருத் தபால்காரர். உடுப்பெல்லாம், துவைக்கக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்காத புண்ணியவான்களின் துணிகள். விஞ்ஞானியின் கோட்டு, இரும்புக்கடை முதலாளி மூன்று வருடத்துக்கு முன் போட்டுவிட்டுப் போனது. இப்படியே பதினோரு மாதம் ஓடியது. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தபோது தபால்காரருக்கு இடமாற்றம் வந்தது. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்ப வேண்டும். போகிற ஊரிலிருந்து ஒரு காட்சிக்காகத் திரும்பி வர முடியாது, அவ்வளவு தூரம்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி ஒரு காகிதப் பையைக் கல்லாவின் பக்கத்தில் வைத்தான்.

"நாளைக்கு முடிச்சாகணும்கா. இதுவும் நின்னு போச்சுன்னா கேமராவ மூட்ட கட்டிப் பரண்ல போட்டுடுவேன். சத்தியமா."

அவன் போன பிறகு பையைப் பிரித்தேன். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பதினோரு மாதக் கறை. இத்தனை நாள் இதை இப்படியே வைத்திருந்தானா, சலவைக்காரி தம்பி என்று வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டாமா என்று எனக்குக் கோபம் பொங்கியது. எதற்கான சட்டை என்ற நினைப்பே வரவில்லை. நாற்பது நிமிடத்தில் கறை போயே போய்விட்டது. இஸ்திரி போட்டு, வேலை முடிந்த துணிகளுக்குக் குத்துகிற மஞ்சள் சீட்டைக் குத்தி மாட்டினேன். சீட்டில் 'முடிந்தது' என்று அச்சடித்திருக்கும்.

மறுநாள் தம்பி அந்தச் சட்டையைப் பார்த்தான். சீட்டைப் படித்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"எழுந்திருடா. வேற கறை போட்டுக்கலாம்" என்றேன்.

"முதல் காட்சியில அந்தக் கறைய திரை முழுக்கக் காட்டியிருக்கேன்கா. துளி மாறினாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. எதை எதைக் கலந்தேன்னுகூட ஞாபகம் இல்ல."

அவனுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் என்ன, கறையை எடுத்த எனக்குத் தெரியாதா? குளிர்ந்த தண்ணீரில் பிசுபிசுவென்று முதலில் போனது சீனிப்பாகு. எலுமிச்சம்பழத்துக்கு அடங்கியது ஓரத்தில் இருந்த காப்பிப் பழுப்பு. ஸ்பிரிட்டில் கடைசியாகப் போனது சிவப்பு நிறப்பொடி. மூன்றையும் கலந்தேன். நிறம் அச்சு அசலாக வந்தது.

வடிவம்தான் உதைத்தது. மடிக்கணினியில் பழைய காட்சியை நிறுத்தி, துணிக்குப் போடும் பிளாஸ்டிக் உறையைத் திரைமேல் பிடித்துக் கறையை வரைந்தோம். திரையில் தெரிந்த பொத்தான் நிஜப் பொத்தான் அளவுக்கு வரும்வரை படத்தைச் சுருக்கியிருந்ததால் அளவு பிசகவில்லை. கரண்டியால் சட்டைமேல் ஊற்றினேன். உருண்டையாக விழுந்தது. அசல் கறைக்கு ஒரு வால் உண்டு, வாலுக்குப் பின்னால் மூன்று துளி.

துவைத்து, உலர்த்தி, மறுபடி ஊற்றினேன். மறுபடி உருண்டை. நாலு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் துவைத்தது நான்காம் எண் இயந்திரம்தான், மற்றவற்றில் திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய துணிகள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்பாரற்ற ஒரு பூப்போட்ட அங்கியில் தபால்காரர் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டி இன்னும் கட்டல மேடம். வீட்ல என்னையே கட்டிப் போட்டுடுவாங்க" என்றார் பாவமாக.

இருபத்திரண்டு வருடம் கறையை எடுத்தவளுக்கு ஒரு கறை போட வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சன்னல் வெளிச்சம் வேறு மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"டேய், அன்னைக்கு எப்படித்தான்டா ஊத்துன?"

தம்பி தலையைச் சொறிந்தான். "ஊத்தலக்கா. கிண்ணத்தோட வந்தேன். தரையில கிடந்த நாலாம் நம்பர் மிஷின் குழாய் தடுக்கி விழுந்துட்டேன். சட்டை மேசைல விரிச்சிருந்துச்சு."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன். சட்டையை மேசையில் விரித்தேன். நடந்து வந்தான். குழாயைத் தாண்டிக் கவனமாகக் காலை வைத்தான். திரும்பிப் போய் மறுபடி வந்தான், மறுபடி கவனமாகவே தாண்டினான். வேண்டுமென்று விழ யாருக்கு மனம் வரும்? மூன்றாம் தடவை அவன் குழாயருகே வந்ததும், பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினேன். சின்ன வயதிலிருந்து நன்றாகப் பழகிய வேலை.

அம்மா என்று அலறிக்கொண்டு விழுந்தான். வால் விழுந்தது. பின்னால் இரண்டு துளியும் விழுந்தன. பிளாஸ்டிக் உறையை வைத்துப் பார்த்தேன், கோடு பிசகாமல் பொருந்தியது. மூன்றாவது துளியைப் பஞ்சுக்குச்சியால் நானே வைத்தேன். காகிதத்தை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் தபால்காரர் கோட்டைத் திறந்தார். தம்பி "கட்" என்றான்.

இரண்டு மாதம் கழித்து நூலகக் கூடத்தில் படம் போட்டோம். திரை, நான் வெளுத்த பெட்ஷீட். விஞ்ஞானி முதன்முதலாக வந்ததுமே இரும்புக்கடை முதலாளி எழுந்துவிட்டார்.

"அது என் கோட்டு!"

"மூணு வருஷமா வந்து வாங்கிட்டுப் போங்கன்னு சொன்னேன்ல? உக்காருங்க!" என்றேன் நான். கூடமே சிரித்தது.

கடைசியில் கோட்டு திறந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் 'ஐயையோ' என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பெயர்கள் ஓடின. ஒளிப்பதிவுக்கும் இசைக்கும் அடுத்து ஒரு வரி: 'கறை: என் அக்கா.' எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தச் சட்டை இப்போது என் கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிறது. வியாபாரத்துக்கு அதைவிடக் கேடு கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும், "என்னக்கா, உங்களாலயே எடுக்க முடியலையா?" என்று கேட்கிறார்கள். நாற்பது நிமிட வேலை என்று சொல்லி வாய் வலிக்கிறது. கை துறுதுறுக்கும்போதெல்லாம் வேறு துணியை எடுத்துக் கும்முவேன். நேற்று தம்பி அடுத்த கதையோடு வந்தான். சட்டையை நிமிர்ந்து பார்த்தவன் கதையை மறந்து நின்றுவிட்டான். கறை அப்படியே இருக்க, அதன் மேல் நான் மஞ்சள் சீட்டைக் குத்தியிருந்தேன்: 'முடிந்தது.'