திரும்பிப் போன கரண்ட்

அண்ணன் முற்றத்தில் ஜெனரேட்டரைக் கிளப்பியதும், குழந்தைக்கு மருந்து ஆவி கொடுக்கும் மிஷின் உறுமத் தொடங்கியது. லைன்மேன் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையிலிருந்து மகளுக்கு இளைப்பு. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல்தான், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனை ஜெனரேட்டரோடு வரச் சொன்னாள்.

கரண்டை நிறுத்தியிருப்பதே அவள் கணவன்தான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே, பெரிய லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருந்ததால், அதை மாற்றப் போயிருந்தான்.

“எர்த் கம்பி மாட்டுறேன், கழட்டுறேன்னு பொழுத ஓட்டாதீங்க. நிறுத்தின லைனுக்கு எதுக்கு இத்தனை மரியாதை?” என்று அவன் கிளம்பும்போது கடிந்துகொண்டாள். லைனில் தவறி வரும் கரண்டை மண்ணுக்கு இறக்கத்தான் அந்தக் கம்பி. அவனும் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

அடுத்த வீட்டு அக்கா தன் வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான். அதுக்குள்ள கரண்ட் வந்துருச்சே.” அவள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, மெயின அணைச்சியா?”

“எதுக்கு? அதான் ஜெனரேட்டர் வயர செவுத்துப் பிளக்குல சொருகிட்டேன், ஓடுதுல்ல?”

டிரான்ஸ்ஃபார்மருக்குள் இரண்டு சுருள் இருக்கிறதாம். ஒன்றையொன்று தொடாதாம். “நாம சண்டை போட்ட நாள் மாதிரி” என்று கணவன் ஒருமுறை சிரித்தான். ஆனாலும் ஒன்றில் கரண்ட் ஓடினால் மற்றதிலும் கிளம்பிவிடும். மேலேயிருந்து வரும் பதினோராயிரம் வோல்ட் வீட்டு அளவுக்குக் குறைகிறது. வீட்டிலிருந்து போனால் அதே பதினோராயிரமாக ஏறும். அடுத்த வீடு வரை போன கரண்ட் தெருமுனைக்குப் போகாமல் இருக்குமா?

மெயின் சுவிட்சை நோக்கி ஓடினாள். கை படுவதற்குள் ஜெனரேட்டர் விக்கித் திணறி நின்றது.

“எங்கேயோ ஷார்ட் ஆயிருக்கு” என்றார் அண்ணன், சாதாரணமாக.

அந்த லைனில் கை வைக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். மெயினைக் கீழே தள்ளினாள். “குழந்தையப் பாத்துக்க” என்று வெறுங்காலோடு ஓடினாள். நான் சொல்லித்தானே, நான் சொல்லித்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கம்பத்தடியில் ஹெல்மெட் மட்டும் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தாள்.

“பாப்பாவுக்கு என்ன?”

கம்பத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவன் பதறி எழுந்தான்.

“அவளுக்கு ஒன்னுமில்ல. உங்களுக்கு?”

“நீ சொன்னியேன்னு எர்த் கம்பி மாட்டாமலேயே ஏறிட்டேன். கைய நீட்டப் போறப்ப மனசு கேக்கல. இறங்கி எடுத்துட்டுப் போய், கரண்ட் பாயாத கழியால லைன்ல மாட்டுனா படார்னு பொறி பறக்குது. எவனோ ஜெனரேட்டர் போட்டிருக்கான். அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்.”

“நம்ம வீட்டுலதான்” என்றாள். “நான்தான் போடச் சொன்னேன்.”

அவன் மறுபடி தரையில் உட்கார்ந்தான். அவன் கைகளைப் பிடித்துக்கொள்ள அவள் கை நீட்டினாள். தொடத்தான் பயமாக இருந்தது.