பனி கொட்டிய பக்கம்

ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் இணையப் பக்கம் எழுதும் அவள், ஆண்டுக் கடைசி விடுமுறைக்காக அந்த விளையாட்டைச் சேர்த்தாள். ஆம்புலன்ஸ் அழைக்கும் இணையதளம் என்றால் எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்ன? பக்கத்தின் மேலே இருக்கும் வண்டிப் படத்தை மூன்று முறை தட்டினால் திரை முழுக்கப் பனி கொட்டும். அறிவிப்பு எதுவும் கிடையாது, தற்செயலாகக் கண்டுபிடிப்பவர்களுக்குத்தான். மேலாளர் தட்டிப் பார்த்துவிட்டு, "சரியான குசும்புக்காரிம்மா நீ" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள், ஊரின் மறுகோடியில் இருந்த லாரிப் பட்டறையில், வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி நழுவியது. அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் தம்பி இடுப்போடு நசுங்கினான்.

அந்த ஊரில் ஆம்புலன்ஸ் அழைக்க அந்த இணையதளம் ஒன்றுதான் வழி. மெக்கானிக் பட்டறையின் பழைய கணினிக்கு ஓடினான். பதற்றத்தில் ஆம்புலன்ஸ் அழைக்கும் பொத்தானை விட்டுவிட்டு வண்டிப் படத்தையே திரும்பத் திரும்பத் தட்டினான். பனி கொட்டியது. புதிய பிரவுசர்களில் அந்தப் பனி வெறும் காட்சிதான். அதன் மேல் தட்டினாலும் கீழே இருக்கும் பொத்தான் வேலை செய்யும். அதற்கென்று அவள் நிரலில் ஒரு வரி எழுதியிருந்தாள். அவனுடைய பிரவுசருக்கு அந்த வரி புரியவில்லை. புரியாததைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது. பனி கண்ணாடிப் பலகை போலப் பக்கத்தை மூடிக்கொண்டது. பொத்தானை அழுத்தினால்தான் தொலைபேசி எண்ணே வரும். ரத்தக் கையோடு அழுத்து அழுத்தென்று அழுத்தினான். பின்னால் தம்பியின் அலறல் அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு சரக்கு வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனான். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை அவன் சக்கரம் கழற்றும் வீல் ஸ்பேனரோடு அவளுடைய அலுவலகத்துக்கு வந்தான். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. அவன் புகாரை முன்பே கேட்டிருந்த மேலாளர் கையை உயர்த்தியபடி வந்தார்.

"சார், எங்க பக்கத்துல ஒரு தப்பும் இல்ல. உங்க பிரவுசர்தான் ரொம்பப் பழசு..."

ஸ்பேனர் அவர் தாடையில் இறங்கியது. பற்கள் தரையில் சிதறின. விழுந்தவரின் விலாவில் உதைத்துவிட்டு அவன் மறுபடி ஓங்கினான்.

"அண்ணே, அவர விடுங்க! அந்தப் பனிய எழுதினது நான்தான்" என்று அவள் குறுக்கே ஓடி வந்தாள்.

அவன் திரும்பினான். "நீயா? என் தம்பி துடிச்சிக்கிட்டு கெடந்தான். உனக்கு வெளையாட்டா?"

 அவன் அவளுடைய வலது கையை இழுத்து மேசையில் அழுத்தினான். ஒரே அடி. விரல் எலும்புகள் முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடி விழுவதற்குள் காவலாளி அவன் கழுத்தை வளைத்துச் சாய்த்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்மா" என்று எல்லோரும் இழுத்தார்கள்.

"இருங்க. பனி கொட்டுற அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

வலியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, பனியை முழுசாக நீக்கிய பிறகுதான் எழுந்தாள்.

வழக்கு வந்தபோது, அவன் பைத்தியக்காரன் என்று மட்டும் சொன்னால் போதும் என்றது நிறுவனம். அவள் நடந்ததைச் சொன்னாள். பழைய பிரவுசரில் சோதித்துப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னாள். வேலை போனது. அவனுக்கு இரண்டு வருடம் தண்டனை.

நீதிமன்ற வராந்தாவில் போலீஸ்காரர்களுக்கு நடுவே போனவன் அவளருகே நின்றான்.

"உண்மையச் சொல்லிட்டா விட்டுருவேன்னு நெனைக்காத."

"நெனைக்கலண்ணே" என்றாள் அவள்.