நூறு வீட்டுப் போர்வை

மியாவ்லிங்கின் நாத்தனார் வென்ஜிங் 'மெதுவான வாழ்க்கை'க்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த மெதுவை ஊருக்குக் காட்டுவதில்தான் அவளுக்கு எத்தனை அவசரம்! ஊசியில் நூல் கோத்தால் ஒரு படம், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தால் ஒரு படம். கீழே 'பூமிக்குப் பாரமில்லாத படைப்பு' என்று ஒரு வரி. கைப்பேசியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மியாவ்லிங்குக்குக் குமட்டும். மசக்கை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள்.

இருந்தும் பிள்ளைக்குப் போர்வை தைக்கும் வேலையை அவளிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நூறு வீட்டில் துணி கேட்டு வாங்கி ஒட்டுப்போர்வை தைப்பார்கள். தைப்பது அத்தையின் உரிமை. துணி கேட்டுப் போவது தாயின் வேலை. முன்னே இரண்டு கரு தங்காமல் போனவளுக்கு அது வெறும் சடங்காகத் தெரியவில்லை. நூறு வீடு சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எந்தச் சாவு வந்து பிடுங்கிவிடும்? ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, பழைய நூற்பாலைக் குடியிருப்பின் படிகளையெல்லாம் ஏறி இறங்கினாள்.

கடைத்துணி ஆகாது, உடுத்தியதாக இருக்க வேண்டும். கொடுத்தார்கள். ஒருவன் கால்சட்டையின் முட்டியை வெட்டிக் கொடுத்தான், எண்ணெய்ப் பிசுக்கோடு. ஒருத்தியின் மேலங்கியில் பூண்டு நாற்றம் ஆளைத் தள்ளியது. மூன்றாம் மாடி பாங் அக்கா, தொண்ணூற்றாறு வயது அப்பாவின் நீலச் சட்டையில் கத்தரிக்கோலை வைத்தாள். நாற்காலியில் கிடந்த கிழவர், "முழுக் கையையும் வெட்டிக் குடுடி, கஞ்சப்பிசினாறி!" என்று மகளை அதட்டினார். மியாவ்லிங் வாய்விட்டுச் சிரித்தாள். அத்தனை வயது வாழ்ந்தவர் துணி கிடைப்பது லேசா என்ன?

மூட்டையை வென்ஜிங்கிடம் கொடுத்தாள். பெண் பிறந்தது, குறைமாதத்தில். எடை ஏறாமல் பயமுறுத்திவிட்டு ஒருவழியாகத் தேறியது. அதற்குள் கிழவர் போய்ச் சேர்ந்தார். அங்கே போய் உடுத்திக்கொள்ளட்டும் என்று அவர் துணிகளையெல்லாம் வழக்கப்படி எரித்தார்கள்.

மாதம் நிறைந்த விருந்தன்று வீடு கொள்ளவில்லை. சிவப்புச் சாயமிட்ட முட்டைகள் ஒரு கூடை, வினிகர் மணக்கும் நூடுல்ஸ் ஒரு அண்டா. வென்ஜிங் போர்வையைப் பிள்ளைமேல் விரித்துவிட்டு நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தது. வெண்மை, சாம்பல், மங்கிய தேநீர் நிறம்.

துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். தன் துண்டைக் கண்டுபிடித்து, தொட்டு, "இது எங்க வீடு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவது வழக்கம். யாரும் உட்காரவில்லை.

"என்னடா, உன் கால்சட்டை முட்டி எங்க?"

"வெளுத்துட்டாங்களோ என்னவோ. அந்தப் பிசுக்கு போகவே போகாதே!"

பாங் அக்கா போர்வையை ஓரத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள். "என் கண்ணுக்குத்தான் தெரியல போல. அப்பாவோடது எங்க இருக்கு, நீயே காட்டேன் மியாவ்லிங்."

மியாவ்லிங்குக்கும் தெரியவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அண்ணி, அந்த நீலத் துணி?"

"அய்யோ, அந்த மூட்டையா!" வென்ஜிங் மூக்கைச் சுருக்கினாள். "பிரிச்சதும் ஒரு நாத்தம் வந்துச்சு பாரு, ரெண்டு நாள் சாப்பாடே எறங்கல. பச்சப்புள்ள மேல அதைப் போட முடியுமா? இது எல்லாம் ரசாயனம் படாத பருத்தி. நானே தேநீர்ல முக்கிச் சாயம் ஏத்தினேன். நூறு துண்டு, எண்ணிக்கோ."

கால்சட்டைக்காரன் தன் கையை மோந்து பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"எங்க போட்டே தங்கச்சி?" என்றாள் பாங் அக்கா.

"பயப்படாதீங்கக்கா. தரம் பிரிச்சு, மறுசுழற்சித் தொட்டியிலதான் போட்டேன். வீணாப் போகல."

"அப்பா துணி எல்லாத்தையும் எரிச்சுட்டோம். அது ஒண்ணுதான் மிச்சம். தொட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அடடா, மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு படம் எடுத்து வெச்சிருப்பேனே!"

மியாவ்லிங்குக்குச் சீ என்று ஆகிவிட்டது. இத்தனை நாளும் இவள் படங்களைப் பார்த்து வந்தது மசக்கையே இல்லை, அசல் அருவருப்பு. மனிதர் உடம்பில் கிடந்த துணி நாறுகிறதாம்! பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவளுக்கு, அதன்மேல் நடக்கிற மனிதர்கள்தான் ஆகவில்லை. அந்தத் தேநீர் நிறத்தைப் பார்க்கப் பார்க்க, யாரோ துப்பிய எச்சில் பிள்ளைமேல் காய்ந்து கிடப்பதுபோல் இருந்தது. போர்வையை வெடுக்கென்று உருவி வென்ஜிங்கின் கையில் திணித்தாள். பிள்ளை வீறிட்டது.

கணவன் குவோதோங் பதறி ஓடிவந்தான். "விருந்தாளிங்க முன்னாடி என்ன இது?"

"ரெண்டு மாச உழைப்புடா! ஒவ்வொரு தையலும் கையால போட்டது. நீயே உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு!" வென்ஜிங்குக்கு அழுகை வந்துவிட்டது.

மியாவ்லிங் பிள்ளையைத் தூக்கித் தன் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். "நூறு வீட்டுக்குப் பதிலா உங்க ஒரு வீடுதான் என் புள்ள மேல கெடக்குது அண்ணி," என்றாள். "அது வேணாம்."