கார்ன்வாலிஸ் எங்கள் ஊருக்கும் வந்தான்

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு நிஷா. அந்த லேடி சொல்லிக் குடுத்தத மட்டும் அப்படியே ரிப்பீட் பண்ணு. ஆடுற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டப் பாடிக் கறக்கணும்."

எங்கள் வீடு இருக்கும் எடிசனில் ஆரம்பித்தவர், ட்ரென்டன் வரும்வரை இதையே ஓதிக்கொண்டு வண்டி ஓட்டினார். என் வீட்டுக்காரர் நஜ்முதீன் அப்படித்தான். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை தும்மக்கூட யோசிப்பார்.

"மாட்ட விடுங்க, எக்ஸிட்ட மிஸ் பண்ணிடாதீங்க" என்றேன்.

அன்று எனக்குப் பரீட்சை. ட்ரென்டனில் இந்த நாட்டின் சுதந்திரப் போர் நடந்த இடங்களை நடந்தே சுற்றிக்காட்டும் ஒரு சங்கம், புதிதாக வழிகாட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தது. நாட்டுக்கு இருநூற்றைம்பது வயது என்று கூட்டம் அலைமோதுகிறதே, அதற்காக. திண்டுக்கல்லில் பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்தியவள் நான். இங்கே வந்தபின், வேலை பார்க்க விடாத விசாவின் புண்ணியத்தில் சமையலறையும் டேகேர் பிக்கப்புமாகவே கிடந்தேன். ஒர்க் பெர்மிட் வந்ததும், ஏதாவது ஒரு வேலையில் சேர் என்றார்கள். ஏதாவது ஒன்றில் சேர, நான் என்ன ஏதாவது ஒன்றையா படித்தேன்? இந்த வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மேற்பார்வையாளர் கரோல் கூடவே நடந்து வந்து கவனிப்பார். வீட்டில் பின்பாதியைச் சொல்லி நிஷா என்றால், அவர் என் பெயரின் முன்பாதியை மட்டும் எடுத்து தாஜ் என்பார். அவர் சரியென்றால் வேலை, இல்லையென்றால் மறுபடி அடுப்படி.

போன வாரம் ஒத்திகையிலேயே அவருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. அசன்பிங்க் ஓடைப் பாலத்தில், கார்ன்வாலிஸ் என்ற பிரிட்டிஷ் தளபதியின் கதையோடு அவன் பிறகு எங்கே போனான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "தோற்ற பிறகு அவர் எங்கே போனார் என்பது நம் சுற்றுலாவில் இல்லை" என்றார் கரோல். தோற்றவன் அவன் வீட்டுக்குப் போயிருந்தால் நான் ஏன் பேசப்போகிறேன்? எங்கள் ஊருக்கல்லவா வந்தான்! ஆனாலும் வேலை வேண்டுமே என்று தலையை ஆட்டிவிட்டேன்.

பரீட்சை நன்றாகத்தான் தொடங்கியது. பழைய படைவீட்டின் முன்னால், பனியில் ஆற்றைக் கடந்து வந்த படையைப் பற்றி நான் சொன்னபோது ஒருவரும் போனை எடுக்கவில்லை. ஒஹாயோவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என் முக்காட்டைப் பார்த்துவிட்டு எங்கிருந்து வருகிறாய் என்றார். "எடிசன். வழியெல்லாம் டிராஃபிக்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆள் சேர்க்க நான் அழைத்து வந்திருந்த நஜ்முதீன் மட்டும், என்னை யாரென்றே தெரியாதவர்போல் ஓரமாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்துக்கு வந்தோம். கார்ன்வாலிஸ் இதே பாலத்தின்மேல் திரும்பத் திரும்பப் படையை ஏவியதையும், இருட்டியதும் காலையில் பிடித்துக்கொள்ளலாம் என்று படுத்ததையும், மறுகரையிலிருந்த எதிரிகள் முகாமில் தீயை எரியவிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நழுவியதையும் சொன்னேன். கடைசியில் யார்க்டவுனில் அவன் சரணடைந்ததோடு பாடம் முடிந்தது. முடித்தும்விட்டேன், சத்தியமாக.

ஒஹாயோக்காரர் கைதட்டினார். "அத்தோடு ஒழிந்தான்! அதற்கப்புறம் அவனால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை, சரிதானே?"

கரோல் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். ஓரத்தில் நின்ற நஜ்முதீன் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனது ஆகட்டும்.

"சரியில்லை" என்றேன். "தோற்றவனை அவன் நாட்டில் யாரும் தண்டிக்கவில்லை. கவர்னர் ஜெனரல் ஆக்கி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இங்கே விட்டதை அங்கே பிடித்தான். திப்பு சுல்தானைத் தோற்கடித்து, பாதி ராஜ்ஜியத்தைப் பிடுங்கினான். நஷ்ட ஈட்டின் மீதிப் பணம் வரும்வரை பிணை என்று, திப்புவின் இரண்டு மகன்களைக் கொண்டுபோனான். சின்னப் பிள்ளைகள். பிடுங்கிய சீமைகளில் ஒன்று திண்டுக்கல். நான் பிறந்த ஊர்."

ஒஹாயோக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. கரோல் முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "நன்றி, தாஜ். இதோடு போதும். மீதி இடங்களை நானே காட்டிக்கொள்கிறேன்."

அவ்வளவுதான், முடிந்தது. அவர் நடந்தார், கூட்டமும் பின்னால் போயிற்று. ஒஹாயோக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், நஜ்முதீன் போகவில்லை. பாலத்தின் நடுவில், டூர் வந்தவர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களும் திட்டணும்னா திட்டிருங்க" என்றேன்.

"திட்டல. அந்தப் பசங்க என்ன ஆனாங்க? பாதியில விட்டா எப்படி, ஃபினிஷ் பண்ணு."

நிமிர்ந்து நின்றேன். அவர் ஒருவருக்காக, கூட்டத்துக்குச் சொல்கிற அதே முழுக்குரலில் சொன்னேன்.

"பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் வீடு திரும்பினார்கள். திண்டுக்கல் திரும்பவில்லை."