ஸேமாட்டில் ஒரு ஆள் குறைவு

ஸேமாட் என்ற ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் அங்கே விட்டாலும் யாரிடமும் வழி கேட்காமல் சுற்றி வருவேன். எல்லாம் என் மாமனார் அரியரட்ணத்தின் புண்ணியம்.

சுவிஸ் மலைகளுக்கு நடுவே ஒரு ஏரி. அதன் தென்கரையில் சுவர்போல நிமிர்ந்த ஒரு மலை. மலைக்கும் தண்ணீருக்கும் இடையில் மிஞ்சிய ஒரு துண்டு நிலம்தான் ஊர். கார்த்திகை பிறந்தால் தை முடியும் வரை மலை வெயிலை மறித்துக்கொள்ளும். மலையைக் குடைந்து வரும் ஒரே ஒரு றோட்டு, ஒரு படகுத்துறை, ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு ஹோட்டல். சனத்தொகை முந்நூற்றுச் சொச்சம். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிரிட்ஜ்வாட்டரில், எங்கள் டவுன்ஹவுஸ் வளாகத்திலேயே அதைவிடச் சனம் அதிகம்.

அந்த முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரே தமிழன் மாமாவின் மூத்த மகன் வாகீசன், என் கணவர் துவாரகனின் அண்ணன். அகதியாகப் போனவரை அரசாங்கம் அந்த ஊரில் கொண்டுபோய் விட்டது. கூடப் போனவர்கள் எல்லாரும் சூரிச்சுக்கு ஓடினார்கள். அத்தான் மட்டும் அங்கேயே ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு சமையல்காரனாகி, அந்த ஊர்க் குடிமகனும் ஆகிவிட்டார். கலியாணம் கட்டவில்லை.

ஞாயிறு தவறாமல் அப்பாவுக்கு ஃபோன் எடுப்பார். மாமா நலம் விசாரித்து முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"இப்ப சனத்தொகை என்ன மோனை?"

சிரிக்காதீர்கள். மாமா கிளிநொச்சி அரச செயலகத்தில், எங்கள் பேச்சில் கச்சேரியில், புள்ளிவிவரப் பகுதியில் வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்த சனத்தைக் கொட்டில் கொட்டிலாகப் போய் எண்ணியவர். நேற்று ஆறு பேர் இருந்த கொட்டிலில் இன்று ஐந்து பேர் என்றால், பேனையை மூடிவிட்டு, "ஆர் குறையுது?" என்று கேட்பாராம். பெயர் சொல்லும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாராம். அந்தப் பழக்கம் அமெரிக்காவுக்கு எங்களோடு வந்து இருந்தும் போகவில்லை. எண்ணுவதற்கு இங்கே யாரும் கிடைக்காததால், மகன் இருக்கும் ஊரை எண்ணிக்கொண்டிருந்தார். அத்தானும் சளைக்காமல் ஒப்புவிப்பார். இன்னாருக்குக் குழந்தை, இன்னார் போய்ச் சேர்ந்தார், இன்ன வீட்டுக்குப் புதுச் சோடி வந்திருக்கிறது. கடைசியாகப் பேசியபோது, பேக்கரிக்காரரின் மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்ததையும் சேர்த்து முந்நூற்றுப் பத்தொன்பது என்றார்.

அதற்கடுத்த வாரம், டிசம்பர் தொடக்கத்தில், வேலை முடிந்து ஏரிக்கரை ஒற்றையடிப் பாதையால் நடந்து வந்தவர் பனிக்கட்டியில் வழுக்கி ஏரியில் விழுந்துவிட்டார். அந்தக் குளிரில் நீச்சல் தெரிந்தும் பிரயோசனம் இல்லையாம்.

மாமாவுக்குச் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தது துவாரகன். போன வருடம்தான் மாமாவுக்கு பைபாஸ் நடந்தது. "டாக்டர் கிளியரா சொன்னவர் கௌசி, ஷொக் குடுக்கக் கூடாதெண்டு. கொஞ்சம் ஸ்டேபிள் ஆகட்டும், பிறகு மெல்லமாச் சொல்லுவம்." எங்கள் ஆட்களிடம் இது புதிதும் இல்லை. கனடாவில் என் பெரியம்மாவுக்கு மகன் செத்தது எட்டு மாதம் தெரியாது. ஊருக்கே தெரியும், பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. அதைப் பாசம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

ஆனால் ஒரு பொய்யை வைத்துக் காப்பாற்ற எத்தனை வேலை! அத்தான் ஏரியில் விழுந்ததில் பாதியை மட்டும் துவாரகன் உண்மையாகச் சொன்னார். ஃபோன் ஏரியில் விழுந்துவிட்டதாம். குளிர்கால சீசனுக்கு மலை உச்சி ஹோட்டலுக்குப் போய்விட்டாராம், அங்கே சிக்னல் இல்லை, மெசேஜ் மட்டும்தான் போகுமாம். ஒரு பழைய ஃபோனில் புது நம்பர் போட்டு, அத்தானின் படத்தை ஒட்டி, அண்ணனாக இருந்து தம்பியே அப்பாவுக்கு எழுதினார். அந்த ஃபோன் எங்கள் குசினி லாச்சிக்குள் கரண்டிகளோடு கிடந்தது. அதை ஆஃபீஸ் கொம்பியூட்டரிலும் இணைத்து வைத்திருந்தார். செத்தவீட்டுத் துடக்கு என்பதால் மார்கழி முழுக்கக் கோயிலுக்குப் போகவில்லை. மாமா கேட்டபோது காரில் பிழை என்றோம், பிறகு மகன் அபிராமுக்குக் காய்ச்சல் என்றோம். பத்து வயது அபிராம் என்னிடம் வந்து, "அம்மா, ஐ டோன்ட் ஹாவ் ஃபீவர்" என்றான். பேசாமல் இரு என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். பொய் சொன்னவர்கள் நாங்கள், பேச்சு வாங்கியது அவன்.

இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. துவாரகன் செத்தவீட்டுக்குப் போகவில்லை. திடீரென்று சுவிஸுக்கு டிக்கெட் போட்டால் அப்பாவுக்கு விளங்கிவிடும் என்றார். "ஒஃபிஸ் ட்ரிப் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோவன்" என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வர என்னால் ஏலாது என்று அழுதார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

தை நடுவில் ஒரு நாள், அந்த நம்பருக்கு மாமாவின் வழக்கமான கேள்வி வந்தது. துவாரகன் ஆஃபீஸில் மீட்டிங்கில் இருந்தார், என்னைப் பதில் போடச் சொன்னார். இத்தனை பொய்யில் ஒரு உண்மையாவது இருக்கட்டும் என்று அந்த ஊர் நிர்வாகத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். வருட முடிவுக் கணக்கைப் போட்டிருந்தார்கள். அப்படியே எழுதினேன்: 318.

உடனே பதில் வந்தது. "ஒரு ஆள் குறையுது. ஆர் மோனை?"

துவாரகனுக்குச் சொன்னேன். அவர் மீட்டிங்கில் இருந்தபடியே தட்டிவிட்டார். "பேக்கரிக்குப் பக்கத்து வீட்டு ஹெட்விக் அம்மா. வயசு போய்ட்டுது அப்பா."

கொஞ்ச நேரத்தில் மாமா மேல்மாடியிலிருந்து கைபிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்தார். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, ஹெட்விக் செத்து ரெண்டு வருசம். வாகீசன்தான் பெட்டி தூக்கினவன். அவனே எனக்குச் சொன்னவன்."

"மாமா, இவர் வரட்டும், ஆறுதலாக் கதைப்பம்."

"அவனை விடு. நான் உன்னட்டைத்தான் கேக்கிறன். அந்த ஊரில ஆர் குறையுது?"

அடுப்பை அணைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டேன், அவர் இருக்கவில்லை. கண்ணைப் பார்த்தால் சொல்ல வராது என்று தெரிந்தது. சட்டியைப் பார்த்தபடி சொன்னேன்.

"வாகீசன் அத்தான்தான் மாமா."

அவர் விழவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை, கத்தவும் இல்லை. நாங்கள் கண்ணாடிபோலப் பொத்திப் பொத்தி வைத்த இதயம் ஒன்றுமே ஆகாமல் என்னைப் பார்த்தது. அவருக்குப் போட்ட கதிரையில் நான்தான் இருந்துவிட்டேன்.

"எப்பிடி?"

சொன்னேன். பனி, பாதை, ஏரி. அந்தப் பாதையில் எந்த இடம் என்று கேட்டார். படகுத்துறை தாண்டி வளைவில் என்றேன். தலையை ஆட்டினார். அவருக்கு அந்த வளைவு தெரியும்.

"ஆர் கொள்ளி வைச்சது?"

"சூரிச்சில இருந்து நாகரத்தினம் அண்ணர் போனவர் மாமா. அவர்தான் எல்லாம் செய்தவர்."

"ஆர் நாகரத்தினம்? எங்களுக்கு என்ன முறை?"

"முறை இல்லை. அத்தானோட ஒண்டா அகதி முகாமில இருந்தவராம்."

"சனம் வந்ததோ?"

"ஓம் மாமா. ஊர்ச்சனம் நிறைய வந்ததாம். ஹோட்டலைப் பூட்டிப்போட்டு வந்தவையாம். ஊர்த் தலைவரும் வந்தவராம். படகை நிப்பாட்டி ஹோர்ன் அடிச்சவையாம்."

"எங்கட ஆக்கள்?"

நான் கையிலிருந்த துணியை மடித்தேன்.

"துவாரகன் போகேல்லையோ?"

"உங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு..."

மாமா முதல் தடவையாகக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் எழும்பி அவர் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிச் செய்தது இல்லை.

"அந்த வெள்ளைக்காரர் கணக்கைச் சரியாத்தான் எழுதியிருக்கினம் பிள்ளை. அவன் போனவன் எண்டு ஒரு ஆளைக் குறைச்சு எழுதியிருக்கினம். அவைக்கு அவன் ஒரு ஆள். நீங்கள்தான் குறைக்கேல்லை. என்னைக் காப்பாத்த எண்டு என்ர பிள்ளையை ஆருமில்லாதவன் மாதிரி எரிய விட்டிட்டியள்."

துவாரகன் எடுத்த முடிவு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பொய்யில் நானும் ஒவ்வொரு நாளும் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

மாமா மேலே போனார். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. செத்தவீட்டுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும் அல்லவா, ஆறு கிழமை பிந்தி மகனுக்குத் தலை முழுகினார். நான் கதவுக்கு வெளியே நின்று, "மாமா, சுடுதண்ணியைத் திறவுங்கோ, குளிர் பிடிக்கும்" என்று கத்தினேன். தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

ஈரத்தலையுடன் வெளியே வந்தவர் என்னைத் தாண்டித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே இறங்கி வந்து துவாரகனுக்கு ஃபோன் எடுத்தேன். "அப்பாவுக்குத் தெரிஞ்சிட்டுது, வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் விம்முவது கேட்டது. எனக்கு இரக்கமும் வந்தது, அறைந்தால் என்ன என்றும் வந்தது.

அப்போது லாச்சிக்குள் அந்தப் பழைய ஃபோன் அதிர்ந்தது. துவாரகன் ஆஃபீஸிலிருந்து ஏதோ அனுப்பிப் பார்க்கிறார் என்று நினைத்துத் திறந்துவிட்டேன். மாமாவிடமிருந்துதான் வந்திருந்தது. யாருடைய ஃபோன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டும், மகனின் படம் ஒட்டிய அந்த நம்பருக்கே எழுதியிருந்தார்.

"மோனை, அப்பா வரேல்லை எண்டு நினைக்காதை. எனக்குத் தெரியாது."

படித்த கையோடு மூடினேன். மூடி என்ன, அதற்குள் நீலக் கோடு விழுந்துவிட்டது. மேலே, மாமாவின் கையிலிருக்கும் ஃபோனில், வாகீசன் பார்த்துவிட்டதாகக் காட்டும்.