இருவாச்சி இறங்கவில்லை

"இன்னும் வரலையா?"

"வரல அக்கா."

"கடைசியா எப்போ வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம். அஞ்சு பத்துக்கு."

தாகியோ நோட்டைப் புரட்டிக் காட்டினான். ஆண் இருவாச்சி கூட்டுக்கு வரும் நேரத்தையெல்லாம் அவன்தான் குறித்து வைப்பான். மூன்று வருடமாக இந்தக் கூட்டுக்கு அவன்தான் காவல். இன்றைய பக்கம் வெறுமையாக இருந்தது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

கௌஹாத்தியிலிருந்து படம் எடுக்க வந்த நிலாட்சி, குடிலுக்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபடி கேமராவை மடியில் இறக்கி வைத்தாள். "காசிரங்கால காண்டாமிருகம் ஜீப்புக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. மானஸ்ல யானை. உங்க பறவைக்கு மட்டும் என்னப்பா இவ்ளோ கிராக்கி?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே நாற்பது அடி உயரத்தில், மரப்பொந்துக்குள் பெட்டை தன்னைத்தானே அடைத்துக்கொண்டு கிடந்தது. வாசலை எச்சத்தால் பூசி மூடி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. அதோடு பத்து நாள் குஞ்சு ஒன்று. ஆண் பழம் கொண்டுவந்து அந்தக் கீறலில் கொடுத்தால்தான் இரண்டுக்கும் சாப்பாடு. விடிந்ததிலிருந்து குஞ்சு விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. இப்போது அரைமணி நேரமாகச் சத்தமே இல்லை.

நேற்று இருட்டும் முன்னால் ஆற்றுக்கு அக்கரையில் ஏதோ வெடித்த மாதிரி கேட்டது. மூங்கில் எரிந்து வெடித்திருக்கும் என்று அப்போது நினைத்தான். துப்பாக்கியாக இருந்தால்?

"மாப்பிள்ளை! வருதா?" மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"மெதுவா மாமா, மெதுவா!"

ஊர்த் தலைவர் தாடே, அவனுடைய மாமனார். பெரிய கேமராவோடு விருந்தாளி வருகிறாள் என்று கேள்விப்பட்டு, தலைவருக்கு அரசாங்கம் கொடுத்த சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு விடியும் முன்பே வந்துவிட்டார். தலையில் பிரம்புத் தொப்பி. அதன் உச்சியில் மஞ்சளாக, நிஜ இருவாச்சி அலகு. அவருடைய அப்பா காலத்தில் சுட்டது. இப்போது ஊரில் எல்லோரும் பிளாஸ்டிக் அலகுதான் வைத்துக்கொள்கிறார்கள். "தலைவன் தலையில பொம்மையா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் இந்தக் காட்டில் வேட்டையை நிறுத்தியவரும் அவரேதான். சுட்டவனுக்கு அபராதம் என்று சபையில் எழுந்து நின்று சொன்னார்.

பார்வையாளர்கள் இலைக்குடிலுக்குள் உட்கார வேண்டும் என்பது விதி. குடிலின் வாசல் தாழ்வு. தலைவரைக் குனிந்து தவழ்ந்து வரச்சொல்ல முடியுமா? தொப்பி வேறு இடிக்கும். விடியும்போது தாகியோவே பிரம்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொந்துக்கு நேர்கீழே, வேர் இடுக்கில் போட்டு உட்கார வைத்தான். மரியாதை செய்த திருப்தியோடு திரும்பியும் வந்தான்.

காற்றைக் கிழித்துக்கொண்டு ரயில் வருவது போல ஓர் இரைச்சல். அதன் சிறகுச் சத்தம்தான். உயிரோடுதான் இருக்கிறது! தொண்டை புடைக்கப் பழங்களோடு ஆண் பறவை பொந்தை நோக்கி வந்தது. வந்த வேகத்தில் சட்டென்று சாய்ந்து, திரும்பி, எதிர் மரத்தில் போய் உட்கார்ந்தது.

"ஏன் போயிடுச்சு?" நிலாட்சி கிசுகிசுத்தாள். "நம்மளப் பாத்தா?"

"நாம தெரியமாட்டோம் அக்கா."

மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது. நிலாட்சி எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பறவை தலையைச் சாய்த்து நேர்கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க மாமாவத்தான் பாக்குது. அந்தத் தொப்பியப் பாரு. கீழே இன்னொரு இருவாச்சி ஆடிக்கிட்டே உக்காந்திருக்கு."

காலையிலிருந்து அவனும் அதைத்தான் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். வெடிச்சத்தத்தின் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தான். இனி அதற்கும் வழியில்லை.

அவன் குடிலை விட்டு ஊர்ந்து போனான்.

"மாமா, குடிலுக்குள்ள வந்துடுங்களேன். அங்க நிழலா இருக்கு."

"கோழி மாதிரி குனிஞ்சு போகவா? தொப்பி இடிக்கும்டா. போ, போ. அது ஊட்டும்போது நான் கீழே இருக்கிற மாதிரி படம் எடுக்கச் சொல்லு. காப்பாத்துனவன் யாருன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்."

எதிர் மரத்தில் பறவை சிறகை விரித்து மடக்கியது. பழத்தோடு வேறு எங்காவது போய்விட்டால்? அது போனால் மத்தியானத்துக்கு முன்னால் திரும்பாது. பொந்துக்குள்ளிருந்து சின்னதாக ஒரு முனகல் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

ஒரு பெரியவர் தலையிலிருந்து தொப்பியை இறக்கச் சொல்வதை தாகியோ ஊரில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறான். அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

"என்னடா, வாயில எறும்பு பூந்த மாதிரி நிக்கிற?"

அவன் முக்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். இரண்டு கையையும் ஏந்தினான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அந்தத் தொப்பிய... கொஞ்ச நேரம் கழட்டி என் கையில குடுங்க மாமா."