என் பேரை நானே கூப்பிட்டேன்

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் கம்பெனியில் நான் உதவி மேனேஜர். பெரிய மேனேஜர் வேலையை விட்டுப் போனதிலிருந்து நெல் கொள்முதல், விதை, உரம் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஆனால் அவர் பதவிக்கு ஆள் தேடியபோது அப்ளிகேஷன் போட எனக்குக் கை வரவில்லை. கடைசி நாள் சாயங்காலம்தான் போட்டேன். போட்ட பிறகும், நமக்கு எதற்கு இது என்று மனசு அடித்துக்கொண்டது.

எங்கள் கம்பெனியில் எந்த இன்டர்வியூ என்றாலும் சேர் போட்டு, வாசலில் நின்று பேர் கூப்பிடுகிறவள் நான்தான். அன்றைக்கும் யாரும் அதை மாற்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வந்தவர்களில் ஒருவர் கோட்டு போட்டிருந்தார். மதகடிப்பட்டிலிருந்து வந்தவர் இங்கிலீஷிலேயே போன் பேசினார். இருவரையும் கூப்பிட்டு அனுப்பினேன். மூன்றாவது பேர் என்னுடையது.

உள்ளே எட்டிப் பார்த்து, "மூணாவது ஆள் வரலண்ணா. அடுத்தவர அனுப்பவா?" என்றேன்.

சேர்மன் குழந்தைவேல் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் இயக்குநர் விருத்தாம்பாள் அக்கா. கரும்பு போடுகிறவர். சும்மா விடுவாரா?

"வரலியா? அப்ப காலையிலேர்ந்து பொடவ கட்டினு சேர் தூக்கினு இருந்தது இன்னா, பேயா?"

"இல்லக்கா... அவங்கல்லாம் பெரிய படிப்பு..."

"அத பாக்கத்தான் நாங்க குந்தினு இருக்கோம். நீ போயி பேர கூப்புடு. வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்."

வாசலுக்கு வந்தேன். "ஜெயசித்ரா" என்றேன், எனக்கே கேட்காத மாதிரி.

"இங்க கேக்கல!" என்றார் அக்கா.

"ஜெயசித்ரா!"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ராமு திரும்பிப் பார்த்தான். "இன்னாக்கா, உன்ன நீயே ஏலம் வுடுற?"

சிரித்துவிட்டேன். சிரித்ததில் பாதி பயம் போயிற்று. உள்ளே போய், மற்றவர்கள் உட்கார்ந்த அதே சேரில் உட்கார்ந்தேன்.

"இந்தக் கம்பெனிய நடத்த உன்னால முடியுமா?" என்றார் சேர்மன்.

எப்போதும் என்றால், நீங்கல்லாம் இருக்கீங்க, பாத்துக்கலாம் என்றிருப்பேன்.

"முடியும்ணா. இப்ப நடத்தறதே நான்தான். அறுப்புல மழ வந்தப்ப ஊர்ல இருந்த அத்தன டிராக்டரையும் வரவெச்சு, நெல்ல கல்யாண மண்டபத்துக்கு மாத்துனது நான். மண்டபத்துக்காரரு கிட்ட திட்டு வாங்குனதும் நான்தான். அடுத்த அறுப்புக்குள்ள நமக்குன்னு ஒரு ஷெட் போட்டுடணும். எடம் கூட பாத்து வெச்சிருக்கேன்."

அண்ணன் தலையாட்டினார். "செரி, போவும்போது நாலாவது ஆள அனுப்பும்மா."

எழுந்தவள் நின்றேன். "அண்ணா, இன்னிக்கி நானும் வேல கேட்டு வந்தவ. அவர வேற யாராச்சும் கூப்புடட்டும்."

குழந்தைவேல் அண்ணனே வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார்.

விருத்தாம்பாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆர்டரே இன்னும் குடுக்கல, அதுக்குள்ள சேர்மன வேல வாங்குறியேடி!"

ஆர்டர் அடுத்த வாரம் வந்தது.